கதவைத் திறந்துவிட்டார்கள், நல்லது. கயிறு பிள்ளைகளின் கையில் இருக்கட்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் 'பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற பெயரில் 115 வருஷமாக இருந்த சாரணர் அமைப்பு, 2025 பிப்ரவரி 8 முதல் 'ஸ்கவுட்டிங் அமெரிக்கா' என்று பெயரை மாற்றிக்கொண்டது. 1910-ல் அது தொடங்கப்பட்டதும் இதே பிப்ரவரி 8 அன்றுதான். பெயரில் இருந்த 'பையன்கள்' என்ற சொல் போய்விட்டது. இனி இது குடும்பம் முழுமைக்குமான இயக்கம் என்கிறார்கள்.

அந்தச் செய்தி வந்ததிலிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் கேள்விகள். அங்கே குடியேறிய என் மாணவிகள் இரண்டு மூன்று பேர், "டீச்சர், பையன் போகிற இடத்துக்கே பொண்ணையும் அனுப்பலாம்ங்கிறாங்க. அனுப்பலாமா?" என்று கேட்டார்கள். சொந்தத்தில் ஒரு தம்பி கோபமாகவே குரல் செய்தி அனுப்பினான். "அக்கா, பையன்களுக்குன்னு இருந்த ஒரே இடத்தையும் எடுத்துட்டாங்க. இதெல்லாம் ஆள் சேர்க்கிற தந்திரம்" என்றான். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று தோன்றியது. பள்ளியில் பாடம் நடத்தியதோடு சாரணியர் பொறுப்பையும் 20 வருஷத்துக்கு மேல் பார்த்தவள் என்ற முறையில் இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண் பிள்ளைகளைத் தாராளமாகச் சேருங்கள். குடும்பத்துக்குக் கதவைத் திறந்தது நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் கதவு வழியாக உள்ளே போகிற பெற்றோர், பிள்ளைகள் செய்ய வேண்டியதைத் தாங்களே செய்ய ஆரம்பித்தால், திறந்ததன் பலன் பாதி போய்விடும். ஏன் என்று பார்ப்போம்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். 2017 அக்டோபரில் அறிவித்தார்கள். 2018-ல் சிறுவர் பிரிவான கப் ஸ்கவுட்டில் பெண் குழந்தைகளைச் சேர்த்தார்கள். நம் ஊரில் இந்த வயதுப் பையன்களைக் குருளையர் என்போம், பெண் குழந்தைகளை நீலப்பறவையர் என்போம். 2019 பிப்ரவரியில் 11 வயதுக்கு மேற்பட்டவர்களின் பிரிவும் திறந்தது. அதற்கு 'ஸ்கவுட்ஸ் பி.எஸ்.ஏ' என்று பெயர் வைத்தார்கள். அங்கே உச்ச நிலை ஈகிள் ஸ்கவுட். நமக்குக் குடியரசுத் தலைவர் விருது மாதிரி. அதற்கு 21 தகுதிச் சின்னங்கள் வாங்க வேண்டும், ஊருக்குப் பயன்படும் ஒரு சேவைத் திட்டத்தைப் பிள்ளையே முன்னின்று நடத்த வேண்டும், எல்லாம் 18 வயது நிரம்புவதற்குள் முடிய வேண்டும். 2021-ல் முதல் தொகுதியாக ஏறக்குறைய 1,000 பெண்கள் இந்த நிலையை எட்டினார்கள். 2024-ல் பெயர் மாற்ற அறிவிப்பு வந்தபோது அந்த எண்ணிக்கை 6,000-ஐத் தாண்டியிருந்தது.

இது ஒரே இரவில் வந்த மாற்றம் என்று நினைக்காதீர்கள். கப் ஸ்கவுட் 1930-ல் தொடங்கியது. அதன் பிறகு 'டென்' என்கிற சின்னச் சின்னக் குழுக்களைத் தங்கள் வீட்டுக் கூடத்திலும் பின்கட்டிலும் வைத்து நடத்தியவர்கள் அம்மாக்கள்தான். வேலையைச் செய்ய அம்மா வேண்டும், பதவி என்று வந்தால் அப்பா வேண்டும் என்ற கதை அங்கேயும் இருந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் மில்ஃபோர்ட் என்ற ஊரில் காத்ரின் போலார்ட் என்று ஓர் அம்மையார். 1970-களில் ஆண்கள் யாரும் முன்வராததால் அங்கே இருந்த ஒரு சாரணப் படையை அவர் எடுத்து நடத்தினார். ஸ்கவுட் மாஸ்டராகப் பதிவு செய்யுங்கள் என்று கேட்டபோது, பெண் என்பதால் மறுத்துவிட்டார்கள். வழக்குப் போட்டார், மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். ஆனால் 1988-ல் அமைப்பே விதியை மாற்றியது. கிட்டத்தட்ட 70 வயதில் அவர் அந்த நாட்டின் முதல் பெண் ஸ்கவுட் மாஸ்டர் ஆனார். அவர் அத்தனை வருஷம் காத்திருந்ததால்தான், இன்று உங்களில் ஓர் அம்மா மாலையில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு பிள்ளைகளுக்கு முடிச்சு சொல்லிக்கொடுக்க முடிகிறது.

'குடும்பம்' என்று யாரைச் சொல்கிறோம் என்பதிலும் அங்கே பெரிய சண்டை நடந்தது. 2012-ல் ஒஹையோ மாநிலத்தில், தன் மகன் படிக்கிற டென்னை நடத்திய ஒரு தாயை நீக்கினார்கள். காரணம், அவர் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து குடும்பம் நடத்தியவர். தன்பாலின ஈர்ப்பு உள்ள பிள்ளைகளுக்கு இருந்த தடை 2014 தொடக்கத்தில் நீங்கியது. பெரியவர்களுக்கு இருந்த தடையை 2015 ஜூலையில் எடுத்தார்கள். இந்த விஷயத்தில் நம் உறவுகளுக்குள்ளேயே வேறு வேறு கருத்து இருக்கும், எனக்குத் தெரியும். நான் ஓர் ஆசிரியையாகச் சொல்கிறேன். ஜூன் மாதச் சேர்க்கையில், தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் எழுத ஒன்றும் இல்லாமல் நின்ற தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த மேஜையில் நாங்கள் பார்த்தது பிள்ளையைத்தான். எந்த மாதிரி வீட்டிலிருந்து வருகிறது என்பதை வைத்துப் பிள்ளையை வாசலிலேயே நிறுத்தினால், அது பள்ளிக்கூடமும் இல்லை, சாரணர் படையும் இல்லை.

இனி தம்பியின் கோபத்துக்கு வருகிறேன். ஆள் சேர்க்கிற தந்திரம் என்கிறான். பாதி உண்மை, மறுக்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் 40 லட்சத்துக்கும் மேல் இருந்த பிள்ளைகள், இன்று ஏறக்குறைய 10 லட்சம். மார்மன் சபை என்று நாம் சொல்லும் சபை, தன் பிள்ளைகளுக்கென்று தனித் திட்டம் வகுத்துக்கொண்டு 2019 முடிவில் விலகியபோது, 4 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் ஒரே சமயத்தில் வெளியேறினார்கள். ஆள் குறைந்த அமைப்பு, ஆள் சேர்க்க வழி தேடும். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

ஆனால் தம்பி, தேவைக்காகத் திறந்த கதவு வழியாகவும் பிள்ளை உள்ளே போகும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், எங்கள் ஊர்ப்பக்கம் பெண் பிள்ளையை ஐந்தாவதோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்த ஊரில் இருக்கும் பெண்கள் பள்ளிக்குத் தனியாக அனுப்பப் பயம். ஆனால் அண்ணன் போகிற பள்ளிக்கூடத்திலேயே எட்டாவது வரை இருந்தால், "அவன்கூடப் போய்ட்டு வா" என்று அனுப்பிவிடுவார்கள். வீட்டின் சௌகரியத்துக்காக அனுப்பப்பட்ட அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் இன்று நர்ஸாகவும் ஆசிரியையாகவும் இருக்கிறார்கள் என்று இந்தப் பதிவைப் படிக்கிற உங்களுக்கே தெரியும். உங்களில் சிலர் அந்தப் பிள்ளைகள்தானே?

அமெரிக்காவிலும் அதே கணக்குதான். அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள், சில வீடுகளில் ஒருவர்தான் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை மாலை மகனை ஓரிடம், புதன்கிழமை மகளை வேறோர் இடம் என்று வண்டி ஓட்ட எல்லோராலும் முடியாது. முடியாதபோது எதை விடுவார்கள்? பெரும்பாலும் மகளுக்கு உரியதைத்தான் முதலில் விடுவார்கள், எந்த நாடாக இருந்தாலும். ஆகவே வீட்டின் சௌகரியம் என்பது சின்ன விஷயம் இல்லை. பெண் பிள்ளையின் வாய்ப்பே அதில்தான் தொங்குகிறது.

பையன்களின் இடம் போய்விட்டதா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. 11 வயதுக்கு மேல் பையன்களுக்கு ஒரு படை, பெண்களுக்கு ஒரு படை என்று தனித்தனியாகத்தான் தொடங்கினார்கள். சின்னப் பிள்ளைகளின் பிரிவிலும் முதலில் டென்கள் தனித்தனியாகவே இருந்தன. பிறகுதான் சில இடங்களில் இருவரும் சேர்ந்த படைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆகவே உங்கள் ஊரில் எப்படி நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சேருங்கள். பையன்கள் தங்களுக்குள் இருந்து வளர ஓர் இடம் வேண்டும் என்று நினைப்பது தவறில்லை. பெண்களுக்கும் அது வேண்டும். அதனால்தான் 1912-ல் ஜூலியட் கார்டன் லோ அம்மையார் சவானா நகரில் தொடங்கிய 'கேர்ள் ஸ்கவுட்ஸ்' இன்றும் தனி அமைப்பாக நடக்கிறது. இந்த மாற்றம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பெயர் விஷயத்தில் வழக்குக்கூடப் போட்டார்கள், 2022-ல் அது தள்ளுபடி ஆனது. உங்கள் மகளுக்குப் பெண்கள் மட்டுமே உள்ள இடம் பிடித்திருந்தால் அங்கே சேருங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை. தேர்வு செய்ய இரண்டு வழி இருப்பது நல்லதுதானே.

அடுத்தது கொஞ்சம் கசப்பான விஷயம். ஆனால் சொல்லாமல் விட முடியாது.

2020 பிப்ரவரியில் அந்த அமைப்பு திவால் மனு கொடுத்தது. பல பத்தாண்டுகளாகச் சிறுவர்களிடம் தவறாக நடந்துகொண்ட பெரியவர்கள் மீது குவிந்த புகார்கள்தான் காரணம். 82,000-க்கும் மேற்பட்டவர்கள் இழப்பீடு கேட்டார்கள். 246 கோடி டாலர் இழப்பீட்டுத் திட்டம் 2023-ல் நடைமுறைக்கு வந்தது. 82,000 என்பதை ஒரு எண்ணாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். நம் பள்ளிகளில் ஒரு வகுப்புக்கு 40 பிள்ளைகள் என்று வைத்தால், 2,000 வகுப்பறைக்கும் மேல் வரும். அத்தனை பிள்ளைகள் வாயைத் திறக்க முடியாமல் வளர்ந்திருக்கிறார்கள். 'பெரியவர் சொன்னால் கேட்டுக்கொள்' என்ற பழக்கமும், வீட்டார் எட்டிப் பார்க்க முடியாத முகாம்களும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

என்னைக் கேட்டால், குடும்பத்தை உள்ளே அழைத்ததற்கு இதுதான் முதல் காரணமாக இருக்க வேண்டும். அங்கே இப்போது இருக்கும் விதிகளைக் கேளுங்கள். எந்த நிகழ்ச்சியிலும் 21 வயதுக்கு மேற்பட்ட, பதிவு பெற்ற பெரியவர்கள் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். பெண் பிள்ளைகள் இருந்தால் அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. தனியாகச் செய்தி அனுப்பவும் கூடாது, இன்னொரு பெரியவரையும் அதில் சேர்க்க வேண்டும். எல்லா நிகழ்ச்சிகளும் பெற்றோர் வந்து பார்க்கும்படி திறந்திருக்க வேண்டும். விதி காகிதத்தில் இருந்தால் போதாது. நீங்கள் போய்ப் பார்த்தால்தான் அது உயிரோடு இருக்கும். "நம்மாளுதானே, இந்தியர்தானே, தெரிந்தவர்தானே" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். கேள்வி கேட்கிற பெற்றோரைப் பார்த்து முகம் சுளிக்கிற படையாக இருந்தால், அன்றே பிள்ளையை வேறு படைக்கு மாற்றுங்கள்.

சரி, குடும்பம் உள்ளே வந்துவிட்டது. இனிதான் நான் முதலில் சொன்ன விஷயம்.

கப் ஸ்கவுட் பிள்ளைகளுக்கு 'பைன்வுட் டெர்பி' என்று ஒரு போட்டி உண்டு. 1953-ல் கலிஃபோர்னியாவில் டான் மர்ஃபி என்ற தகப்பனார் தொடங்கியது. ஒரு மரக்கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரம், நான்கு ஆணி கொடுப்பார்கள். பிள்ளை அதைச் செதுக்கிக் காராக்கிச் சரிவுப் பாதையில் ஓட விட வேண்டும். கார் 5 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 142 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து செய்யட்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் பல வீடுகளில் என்ன நடக்கிறது என்று அங்கிருக்கும் நீங்களே எனக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். அப்பா ராத்திரி 12 மணி வரை கராஜில் உட்கார்ந்து இழைத்துக்கொண்டிருக்கிறார், பிள்ளை தூங்கிவிட்டது!

இது நமக்குப் புதுசா? அறிவியல் கண்காட்சிக்கு வந்த தெர்மகோல் எரிமலைகளை எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன்! எது பிள்ளை செய்தது, எது கடையில் வாங்கியது, எது பொறியாளர் மாமா செய்தது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். கோணலாக ஒட்டியிருக்கும், பசை வழிந்திருக்கும், பக்கத்தில் நிற்கிற பிள்ளை மட்டும் வாய் ஓயாமல் விளக்கும். அதற்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

சாரணர் இயக்கத்தின் உயிர் எங்கே இருக்கிறது தெரியுமா? அணியில். ஆறிலிருந்து எட்டுப் பிள்ளைகள், அவர்களில் ஒருவர் அணித் தலைவர். எங்கே கூடாரம் அடிப்பது, என்ன சமைப்பது, யார் தண்ணீர் கொண்டுவருவது, யார் பாத்திரம் கழுவுவது என்று எல்லாம் அவர்களுக்குள்ளேயே முடிவாகும். 1907-ல் பேடன் பவல் இங்கிலாந்தில் பிரவுன்சீ தீவுக்கு இருபது பையன்களைக் கூட்டிக்கொண்டு போய் நடத்திய முதல் முகாமிலேயே அவர்களை அணிகளாகத்தான் பிரித்தார். பணக்காரப் பள்ளிப் பையன்களும் உழைப்பாளி வீட்டுப் பையன்களும் அதில் கலந்திருந்தார்கள். பெரியவர் சொல்லிக்கொடுப்பார், பிறகு ஒதுங்கி நிற்பார். அந்த ஒதுங்கி நிற்பதுதான் கஷ்டமான பாகம்.

எங்கள் பள்ளியில் ஒருமுறை மூன்று நாள் முகாம் போட்டோம். சாரணியரில் ஏழெட்டுப் பேர் வீட்டில் மறுத்துவிட்டார்கள். "டீச்சர், வயசுக்கு வரப்போற பிள்ளைய ராத்திரி வெளியில எப்படி டீச்சர் தங்க விடுறது?" என்று ஓர் அம்மா வந்து நின்றார். நியாயமான கேள்வி. "அப்ப நீங்களும் வாங்க. பிள்ளைக்குப் பக்கத்துக் கொட்டகையில படுத்துக்கோங்க" என்றேன். நான்கு அம்மாக்கள் பாயோடு வந்துவிட்டார்கள். அவர்கள் வந்ததால் மற்ற வீடுகளும் அனுப்பின.

இரண்டாம் நாள் மதியம் பிள்ளைகள் செங்கல் அடுப்பில் சோறு வடிக்க வேண்டும். விறகு ஈரம், ஒரே புகை. அரிசி அரைவேக்காடாக நின்றது. அம்மாக்களுக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஒருவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தேவிட்டார். "உக்காருங்கக்கா. தீப்பிடிச்சா மட்டும் எந்திரிப்போம்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அணித் தலைவியாக இருந்த பிள்ளை ஏழாவது படிக்கிறவள். அவளே யோசித்து, ஈர விறகை வெளியே இழுத்துப்போட்டுத் தென்னை மட்டையை உடைத்து வைத்தாள். சோறு குழைந்துபோய்க் கஞ்சியாகத்தான் வந்தது. ஊறுகாயோடு அத்தனை பேரும் சாப்பிட்டோம். எழுந்து நின்ற அந்த அம்மா சாயங்காலம் என்னிடம், "எம்பொண்ணு என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல டீச்சர்" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னார்.

குடும்பத்தைச் சேர்ப்பது என்றால் எனக்கு இதுதான். அம்மாக்கள் வராவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு முகாமே இல்லை. அம்மாக்கள் அடுப்பைக் கையில் எடுத்திருந்தால் முகாமுக்கு வந்தே பிரயோஜனம் இல்லை.

அமெரிக்க அமைப்பிலேயே இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். ஈகிள் ஸ்கவுட் ஆகக் கட்டாயம் வாங்க வேண்டிய சின்னங்களில் 'குடும்ப வாழ்க்கை' என்று ஒன்று. அதற்குப் பிள்ளை வீட்டு வேலைகள் குறைந்தது ஐந்தை எடுத்துக்கொண்டு 90 நாள் தொடர்ந்து செய்து, குறித்துவைக்க வேண்டும். வீட்டுக்குப் பயன்படும் ஒரு வேலையைத் தானே திட்டமிட்டு முடிக்க வேண்டும். வீட்டாரோடு உட்கார்ந்து பேசவும் வேண்டும். அங்கிருக்கும் நம் பையன்களுக்கு நான் இதைத்தான் முதலில் சிபாரிசு செய்வேன். 90 நாள் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிற பையனைப் பார்த்தால், அவன் பாட்டி இங்கிருந்தே ஆசீர்வாதம் பண்ணுவாள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. குடும்பத்துக்கான இயக்கம் என்று சொல்லும்போது, குடும்பம் கூடவே வர முடியாத பிள்ளையை வெளியே விட்டுவிடக் கூடாது. இந்த அமெரிக்க அமைப்பை 1911 முதல் 1943 வரை தலைமை நிர்வாகியாக இருந்து வளர்த்தவர் ஜேம்ஸ் வெஸ்ட். தாய் தகப்பன் இல்லாமல் வாஷிங்டனில் ஓர் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். சிறுவயதில் வந்த காசநோயால் ஒரு கால் ஊனமானது. அப்பா அம்மா வந்தால்தான் சேர்ப்போம் என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு எங்கே இடம் இருந்திருக்கும்?

கப் ஸ்கவுட்டில் மிகச் சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு பெரியவர் கூடவே வர வேண்டும். அது பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டி, தாத்தா, சித்தி, பொறுப்பான வேறு பெரியவர் யாராகவும் இருக்கலாம். உங்கள் பக்கத்து வீட்டில் இரவுப் பணிக்குப் போகிற ஒரு தாயின் பிள்ளை இருந்தால், உங்கள் வண்டியில் அதற்கும் ஓர் இடம் கொடுங்கள். சீருடை, வருடச் சந்தா, முகாம் கட்டணம் என்று செலவும் இருக்கிறது. நான்கு குடும்பம் சேர்ந்தால் ஒரு பிள்ளையின் செலவைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். சின்னதாகிப்போன சட்டையைத் துவைத்து மடித்துக் கொடுத்தால்கூடப் போதும்.

அமெரிக்காவைப் பற்றியே பேசுகிறேனே என்று இங்கிருப்பவர்கள் நினைக்க வேண்டாம். வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகளின் கதை நம்முடையதும்தான். 1909-ல் இந்தியாவில் சாரணர் இயக்கம் வந்தபோது இந்தியப் பிள்ளைகளுக்கு இடம் இல்லை. ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். 1916-ல் அன்னி பெசன்ட் அம்மையார் அருண்டேலோடு சேர்ந்து சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கென்றே தனிச் சங்கம் தொடங்கினார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. 1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அந்தச் சங்கம் தாய் அமைப்போடு இணைந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் சாரணியர் அமைப்பு உருவானது, அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று பெண்கள் அமைப்பும் அதில் சேர்ந்தது. பையன்களும் பெண்களும் ஒரே அமைப்பில் என்பதை நாம் 70 வருஷத்துக்கு முன்பே செய்துவிட்டோம்.

ஆனால் குடும்பத்தை உள்ளே அழைப்பதில் நாம் பின்தங்கித்தான் இருக்கிறோம். இங்கே சாரணர் இயக்கம் என்றால் பள்ளிக்கூடத்து வேலை, ஓர் ஆசிரியரின் தலையில் கட்டிய கூடுதல் பொறுப்பு. அந்த ஆசிரியருக்கு மாறுதல் வந்தால் படையும் கலைந்துவிடும். பெற்றோருக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்கார்ஃபும் சான்றிதழும்தான். ராஜ்ய புரஸ்கார் சான்றிதழ் எதற்குப் பயன்படும் என்று கேட்கிறவர்கள் அதிகம், முகாமில் பிள்ளை என்ன கற்றது என்று கேட்கிறவர்கள் குறைவு. உங்களில் பலர் இப்போது ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். அடுத்த முகாமுக்கு நான்கு பெற்றோரைக் கூப்பிட்டுப் பாருங்கள். முதலுதவி தெரிந்த நர்ஸ் அம்மா இருப்பார், கயிறு திரிக்கத் தெரிந்த தாத்தா இருப்பார். அவர்கள் கற்றுக்கொடுத்துவிட்டு ஒதுங்கி உட்காரட்டும். பெண் பிள்ளைகளின் முகாமில் நம்பகமான அம்மாக்கள் இருவர் இருந்தால் ஆசிரியைக்கும் தெம்பு, வீட்டுக்கும் நிம்மதி.

அமெரிக்காவில் இருக்கிற என் பிள்ளைகளுக்கு மூன்றே மூன்று வேலை கொடுக்கிறேன். சேர்ப்பதற்கு முன் இரண்டு வாரம் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். அங்கே பேசுவது அதிகம் யார், பெரியவர்களா பிள்ளைகளா என்று கவனியுங்கள். பிள்ளைகள் பேசுகிற படையாகப் பார்த்துச் சேருங்கள். அடுத்து, பாதுகாப்புப் பயிற்சியை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள், பதிவு பெற்ற உதவியாளராக ஆகுங்கள். கடைசியாக, முகாமுக்குப் பையைப் பிள்ளையே கட்டட்டும். பல் துலக்கும் பிரஷ்ஷை மறந்துவிட்டுப் போனால் போகட்டும். அடுத்த முறை மறக்காது.

உங்கள் ஊர்ப் படையில் என்ன நடக்கிறது, மகள்களைச் சேர்த்தவர்களின் அனுபவம் என்ன என்று கீழே எழுதுங்கள். என் கருத்தோடு ஒத்துப்போகாதவர்களும் எழுதுங்கள். தம்பி, நீயும்தான். டீச்சர் கோபப்பட மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்